சாலைகள் சேராத மனைப்பிரிவுகளும் எம்.பிளான் படிப்பும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 25. சொந்த ஊர் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பி.இ. சிவில் முடித்து, திருப்பூரில் மனைப்பிரிவு போடும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரத்துக்குப் போகும் லே-அவுட் வரைபடங்களை நான்தான் தயாரிக்கிறேன். விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் எங்கள் மனைப்பிரிவின் சாலை, அடுத்த மனைப்பிரிவின் வேலியில் போய் முட்டி நிற்கும். அவர்கள் பூங்கா ஒரு மூலையில், எங்கள் பூங்கா இன்னொரு மூலையில். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். இதைப் பற்றிப் படிப்பதுதான் நகரமைப்பு என்று கேள்விப்பட்டேன். அதன் முதுநிலைப் படிப்பான எம்.பிளான் படிக்கலாமா? வீட்டில் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படி, வேலை நிச்சயம் என்கிறார்கள். எங்கே படிப்பது? அரசு வேலை கிடைக்குமா? எனக்குப் படம் வரைய வராது, ஆங்கிலமும் சுமார்தான். வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

படியுங்கள். எம்.பிளான் பற்றிக் கேட்கிற எல்லாருக்கும் நான் இந்தப் பதிலைச் சொல்வதில்லை. ‘இதற்கு ஸ்கோப் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்பவர்களிடம், கொஞ்சம் பொறுத்து யோசியுங்கள் என்பேன். நீங்கள் வேலியில் முட்டும் சாலையைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் முட்டுகிறது என்று தேடிப் போகிற படிப்புதான் இது. அதனால் கல்லூரி, கட்டணம், வேலை பற்றியெல்லாம் பேசுமுன் அந்த வேலியைப் பற்றியே கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

உங்கள் நிறுவனம் நாலு ஏக்கர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் நாலு ஏக்கர்? ஒரு விவசாயி விற்றது அவ்வளவுதான். அந்த நிலத்தின் எல்லை, நிலவரிக்காக எப்போதோ அளந்து போட்ட புல எண்ணின் எல்லை. இங்கே ஒருநாள் ஊர் வளரும், பஸ் வரும், பள்ளிக்கூடம் வரும் என்று நினைத்து யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை. நீங்கள் அந்தக் கோட்டுக்குள் வரைபடம் போடுகிறீர்கள். அங்கீகாரம் தரும் அலுவலகம், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை வைத்து அதைச் சரிபார்க்கிறது. சாலை அகலம், மனை அளவு, இடம் பெரிதாக இருந்தால் பத்து சதவீதம் திறந்தவெளி என்று பெரும்பாலும் கோட்டுக்குள் நடக்கும் சோதனை அது. கோட்டுக்கு வெளியே இருப்பதோடு எல்லாம் சேர வேண்டுமானால், அந்த வட்டாரம் முழுவதற்கும் சாலை எங்கே, வாய்க்கால் எங்கே, மைதானம் எங்கே என்று யாராவது முன்கூட்டியே வரைந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ஊர் முழுவதற்கும் ஒரு முழுமைத் திட்டம், அதற்குக் கீழே பகுதி பகுதியாக விரிவு அபிவிருத்தித் திட்டம் என்று இரண்டு அடுக்குகளை வைத்திருக்கிறது. முதலாவது, குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்தின் உபயோகத்தைப் பிரித்து நிறம் தீட்டும். இரண்டாவதுதான் தெருவின் கோட்டையே போடும். போட்டபின் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். சாலை ஒருவருடைய தோட்டத்தின் நடுவில் விழுகிறது. அவருக்கு நிலம் போகிறது. சாலையின் இரண்டு பக்கமும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு விலை ஏறுகிறது. கையகப்படுத்தலாம் என்றால் உள்ளாட்சியிடம் பணம் இல்லை. நிலம் போகிறவர் கோர்ட்டுக்குப் போகிறார், அல்லது அதற்குள் வீடு கட்டிவிடுகிறார். சாலை காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் மனைப்பிரிவு போடுகிற நீங்களும் வேறு வழியில்லாமல் உங்கள் எல்லைக்குள் ஒரு சாலையைப் போட்டு வேலியோடு நிறுத்துகிறீர்கள்.

ஆக, உங்கள் வரைபடத்தில் குறை இல்லை. ஒரு சாலையால் வரும் நட்டத்தை ஒருவர் மட்டும் சுமக்கிறார், லாபத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சரிசெய்யாமல் எத்தனை அழகான வரைபடம் போட்டாலும் சாலை வராது.

குஜராத்தில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்து, இப்போது 1976-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் நடக்கும் டவுன் பிளானிங் ஸ்கீம் என்ற முறை அது. ஒரு வட்டாரத்தின் எல்லா நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சாலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்கு எல்லோரிடமிருந்தும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான வடிவத்தில், முடிந்தவரை பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே அவரவருக்குத் திருப்பித் தருகிறார்கள். நிலத்தின் அளவு குறையும், ஆனால் சாலையை ஒட்டிய சதுரமான மனை கிடைக்கும், விலையும் ஏறும். யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. சாலைக்கு 15 சதவீதம், பூங்கா, விளையாட்டிடங்களுக்கு 5, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு 5 என்று சட்டமே அளவு சொல்கிறது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு புஜ் நகரின் பழைய கோட்டைப் பகுதியை மறுபடி கட்டியபோதுகூட இந்த முறையைத்தான் பயன்படுத்தினார்கள். இடிந்த வீடுகளுக்கு நடுவே, ஒவ்வொரு வீட்டுக்காரருடைய மனையிலும் கொஞ்சம் எடுத்துத் தெருக்களை அகலப்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் நிலத்தைத் தொகுத்து வளர்க்கும் இந்த வழி இப்போது திறந்திருக்கிறது. கணக்குப் போட்டு, நிலக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, அதைச் செய்துகாட்ட ஆட்கள்தான் வேண்டும். ஒரு மனை எத்தனை அடி குறைந்தால் வாங்குகிறவர் எப்படிப் பேசுவார் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். வகுப்பில் உங்களோடு உட்காரப்போகிற பலருக்கு அது தெரியாது.

படிப்பு நான்கு செமஸ்டர். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான பாடங்கள்: நகரமைப்பின் வரலாறு, மக்கள்தொகைக் கணிப்பு, புள்ளியியல், நகரப் பொருளாதாரம், சமூகவியல், போக்குவரத்து, குடிநீர் மற்றும் கழிவுநீர், வீட்டு வசதி, திட்டச் சட்டங்கள், கணினியில் வரைபடத்தோடு தகவலைச் சேர்த்துப் பார்க்கும் ஜிஐஎஸ். கடைசிச் செமஸ்டர் முழுக்க ஆய்வேடு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டூடியோ என்று ஒன்று உண்டு. படிப்பின் உயிர் அதுதான். ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, பத்து பதினைந்து பேர் சேர்ந்து வீடுவீடாகக் கணக்கெடுத்து, தெருத்தெருவாக நடந்து, அலுவலகம் அலுவலகமாக ஏறித் தகவல் வாங்கி, இருபது வருடத்துக்கு ஒரு திட்டம் தயாரிப்பீர்கள். வகுப்பில் யாரும் சொல்லித் தராத பலவற்றை அங்கே கற்பீர்கள். மின்வாரியம் சொல்லும் இணைப்பு எண்ணிக்கையும் நகராட்சி சொல்லும் வீட்டு எண்ணிக்கையும் ஏன் ஒத்துப்போகவில்லை? சந்தைக்கு வரும் காய்கறி வண்டிகள் விடியற்காலை எங்கே நிற்கின்றன? இதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

நகரத் திட்டமிடல், மண்டலத் திட்டமிடல், போக்குவரத்து, வீட்டு வசதி, சுற்றுச்சூழல் என்று சிறப்புப் பிரிவுகள் உண்டு. எல்லோரும் நகரத் திட்டமிடலைத்தான் கேட்பார்கள். நீங்கள் மண்டலத் திட்டமிடலையும் சுற்றுச்சூழலையும் ஒதுக்கிவிடாதீர்கள். திருப்பூரில் இருந்துகொண்டு நொய்யல் ஆற்றைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். சாயப்பட்டறைகள் இருந்தது ஒரு ஊர். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் கரூர் பக்கம்வரை நிலம் வைத்திருந்த விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது, வேலையிழந்தவர்கள் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வந்து தங்கியிருந்த தொழிலாளர்கள். திருப்பூர் நகருக்கு மட்டும் கோடு கிழித்துத் திட்டம் போட்டால் இதில் எதுவும் அந்தத் தாளுக்குள் வராது. ஆறு எங்கே போகிறதோ அதுவரை பார்ப்பதுதான் மண்டலத் திட்டமிடல். கொங்கு நாட்டிலிருந்து வருகிற ஒருவர் இதைப் படித்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

வரலாற்றுப் பாடத்தைப் பலர் பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1914-இல், ஸ்காட்லாந்துக்காரரான நகரமைப்பாளர் பேட்ரிக் கெடிஸ் மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இங்கே வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. மறுபடி பொருள் சேர்த்துக் கண்காட்சி நடத்தினார். தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். அந்தக் காலத்துப் பொறியாளர்கள், நெரிசலான தெருவா, இடித்து நேராக ஒரு சாலை போடு என்பார்கள். கெடிஸ் அந்தத் தெருக்களில் நடந்து பார்த்துவிட்டு, பாழடைந்த இரண்டொரு வீட்டை மட்டும் எடுத்து, அங்கே ஒரு மரத்துக்கும் திண்ணைக்கும் இடம்விட்டு, மிச்சத்தை அப்படியே வைக்கலாம், செலவும் குறையும் என்று வரைந்து காட்டினார். முதலில் ஊரை அறி, பிறகு கை வை என்பதுதான் அவர் வலியுறுத்தியது. நூறு வருடம் கழித்தும் நம் ஊர்களில் பல திட்டங்கள் முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதைத் தொடங்கிவிடுகின்றன.

அதே 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில்தான் மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பனகல் பூங்காவிலிருந்து கிளை பிரியும் அந்தத் தெருக்கள் நல்ல நகரமைப்புக்கு உதாரணமாகப் பாடத்தில் வரும். 2021 நவம்பரில் அந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றதும் சேர்ந்து பாடத்தில் வர வேண்டும். ஏரியை எடுத்தால் ஊர் நன்றாக வரும் என்று அன்றைக்குப் படித்த மனிதர்களே நல்லெண்ணத்தோடு நம்பினார்கள். நாம் போடும் கோடு நமக்குப் பிறகு இரண்டு தலைமுறைக்கு நிற்கும். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று நீங்கள் கேட்டபோது சிரித்தவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். அந்தக் கேள்வியை விடாமல் கேளுங்கள்.

படம் வரைய வராது என்று கவலைப்படுகிறீர்கள். தேவையே இல்லை. ஆட்டோகேட் உங்களுக்குக் கைவந்த வேலை, ஜிஐஎஸ்ஸைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்வீர்கள். பி.ஆர்க். முடித்தவர்கள் முதல் செமஸ்டரில் அழகான தாள்களை ஒட்டிவைப்பார்கள். அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். அவர்களுக்குச் சாக்கடையின் சரிவுக் கணக்கு வராது, உங்களுக்கு வரும்.

சிவில் படித்தவர்கள் தடுமாறுகிற இடம் எழுத்து. நகரமைப்பாளரின் வேலையில் பெரும்பங்கு அறிக்கை எழுதுவது. கணக்குக்கு ஒரே விடை என்று பழகிய நாம், ‘இந்தக் காரணங்களால் இது மேல், ஆனால் இதனால் இன்னாருக்கு இந்தப் பாதிப்பு’ என்று நாலு பக்கம் கோவையாக எழுதத் திணறுவோம். ஆங்கிலத்தைவிட இதுதான் உண்மையான சிரமம். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். முதலில் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, யோசனை கோவையாக வரட்டும். ஆங்கிலத்துக்கு, நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் கட்டட விதிகளையே முழுதாக உட்கார்ந்து படியுங்கள். வேலைக்குத் தேவையான சொற்களெல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதைக் குறைவாக எண்ண வேண்டாம். நிலக் கணக்குகளான அ-பதிவேடும் அடங்கலும் தமிழில்தான் இருக்கின்றன. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் மக்கள் கொடுக்கும் ஆட்சேபனை மனுக்களும் தமிழில்தான் வரும். அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளாத ஒருவரால் இங்கே நல்ல திட்டம் போட முடியாது.

சரி, எங்கே படிப்பது? உங்கள் முதல் இலக்கு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்காக இருக்கட்டும். அரசுக் கட்டணம், தமிழ்நாட்டுச் சட்டமும் தமிழ்நாட்டு ஊர்களும்தான் பாடம், படித்து வெளியே வந்தவர்கள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, டிடிசிபி இரண்டிலும் நிறைய இருக்கிறார்கள். முதுநிலைச் சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வான கேட் மதிப்பெண் வைத்தும் சேரலாம், மாநில நுழைவுத் தேர்வான சீட்டா-பிஜி எழுதியும் சேரலாம். அடுத்து, மத்திய அரசின் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களில் இருக்கிறது. டெல்லிதான் பழையது. விஜயவாடாவும் போபாலும் 2008-இல் தொடங்கியவை. பிரிவுகள் அதிகம் வேண்டும் என்றால் டெல்லி, வீட்டுக்கு ஓரளவு பக்கம் வேண்டும் என்றால் விஜயவாடா. கோழிக்கோடு என்.ஐ.டி.யிலும் எம்.பிளான் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அது இன்னும் பக்கம். இவற்றுக்கு சிசிஎம்டி என்ற பொதுக் கலந்தாய்வு வழியாகப் போகலாம். கரக்பூர் ஐ.ஐ.டி.யின் மாஸ்டர் ஆஃப் சிட்டி பிளானிங் நல்ல படிப்பு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் ஸ்டூடியோவுக்குப் பேர்போனது. டவுன் பிளானிங் ஸ்கீமைக் கண்முன்னே பார்க்க அதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆனால் கட்டணம் அதிகம். கல்விக்கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், உதவித்தொகை உறுதியானபின் முடிவெடுங்கள்.

பெயர் தெரியாத தனியார் கல்லூரியில் கடன் வாங்கி இந்தப் படிப்பில் சேர வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன். எம்.பிளானில் பாதியைச் சக மாணவர்களிடமிருந்துதான் கற்கிறோம். பொருளாதாரம், புவியியல், கட்டடக்கலை என்று பலதுறைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு வேண்டும். முழுநேர ஆசிரியர்களும் வேண்டும். இது இரண்டும் இல்லாத இடத்தில் ஸ்டூடியோ வெறும் வரைபடம் ஒட்டும் வேலையாகிவிடும். கேட் தேறி, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதிகளுக்கு உட்பட்ட இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வீட்டில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

கேட் தேர்வில் உங்களுக்கு இரண்டு வழி. சிவில் தாள் மதிப்பெண்ணைப் பல நிறுவனங்கள் எம்.பிளானுக்கு ஏற்கின்றன. ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் என்ற தாளையும் எழுதலாம். அதில் பொதுப் பகுதிக்குப் பிறகு கட்டடக்கலை, திட்டமிடல் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நீங்கள் திட்டமிடலை எடுங்கள். அதற்குப் படிப்பது வகுப்பிலும் உதவும். ஒரே தாள்தான் எழுதுவேன் என்றால் என் ஆலோசனை இந்தத் தாள்.

அரசு வேலை பற்றி உள்ளதைச் சொல்கிறேன். தேவை இருக்கிறது, ஆனால் தேவை இருப்பதால் மட்டும் வேலை அறிவிப்பு வந்துவிடாது. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கு மேல் நகரமைப்பாளர்கள் தேவை என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 4,000-க்கும் குறைவு, அதிலும் பாதி காலி. நாட்டின் 7,933 நகர்ப்புறங்களில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்றும் அது சொன்னது. தமிழ்நாட்டின் நிலையும் கவலைக்குரியதுதான். கோயம்புத்தூர் போன்ற ஊரே 1994-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தை வைத்துக்கொண்டு சுமார் முப்பது ஆண்டு ஓட்டியது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக 2022-இல் விரித்தார்கள். விரித்த பரப்புக்கெல்லாம் திட்டம் போட ஆள் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 376 சென்சஸ் டவுன்கள் இருந்தன. நகரமாகவே மாறிவிட்ட, ஆனால் சட்டப்படி இன்னும் ஊராட்சியாக இருந்த ஊர்கள் அவை. பெரும்பாலான மனைப்பிரிவுகள் விழுவது இப்படிப்பட்ட ஊர்களில்தான், அங்கே நகரமைப்பு படித்த ஒருவரைப் பார்ப்பது அரிது. எனக்கு இந்தத் துறையில் ஒரு பெரிய ஆதங்கம் உண்டென்றால் அது இதுதான்.

நடைமுறையில், டிடிசிபியின் உதவி இயக்குநர், திட்ட உதவியாளர் போன்ற பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. சிஎம்டிஏவில் அசிஸ்டன்ட் பிளானர் பணி உண்டு. அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை, வரும்போது இடங்களும் குறைவு. ஒவ்வொரு அறிவிப்பிலும் கல்வித் தகுதியை வரிவிடாமல் படியுங்கள். அடிப்படைப் பட்டம் சிவிலா, கட்டடக்கலையா என்பதும் அங்கே கணக்கில் வரும், உங்கள் பி.இ. அந்த வகையில் நல்ல துணை. அதுவரை பெரும்பாலானோர் முழுமைத் திட்டம் தயாரிக்கும் கன்சல்டன்சிகளில் சேர்கிறார்கள். மெட்ரோ ரயில் நிறுவனங்கள், போக்குவரத்து ஆய்வு நிறுவனங்கள், வெளிநாட்டு நிதியில் நடக்கும் நகர்ப்புறத் திட்டங்கள், சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும், நகரப் போக்குவரத்தில் வேலை செய்யும் ஐடிடிபி போன்ற அமைப்புகளும் ஆள் எடுக்கின்றன. முதல் ஓரிரு ஆண்டுகள் சம்பளம் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கலாம், இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்தாறு ஆண்டு அனுபவம் சேர்ந்தபின் நிலைமை நன்றாக மாறும்.

இன்னொன்று. கட்டடக்கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கவுன்சில் இருக்கிறது. நகரமைப்பாளர்களுக்கு அப்படிச் சட்டபூர்வமான அமைப்பு இன்னும் இல்லை. 1951-இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் நிறுவனம், ஐடிபிஐ, உறுப்பினர் தகுதி தருகிறது. பல டெண்டர்களிலும் பணிகளிலும் அந்த உறுப்பினர் தகுதியைக் கேட்கிறார்கள். ஆகவே சேரும் படிப்பு ஐடிபிஐ அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துச் சேருங்கள்.

எம்.இ. ஸ்ட்ரக்சுரல் பற்றி உங்கள் வீட்டார் சொல்வது தவறில்லை. அது நல்ல படிப்பு, வேலையும் சீக்கிரம் கிடைக்கும். தூண், உத்தரம், அதன் கணக்கு என்று கேட்டால் உங்களுக்கு ஆசை வருகிறதா? வந்தால் அதையே படியுங்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தேடியும் அந்த ஆசை எனக்குத் தென்படவில்லை. அப்பா அம்மாவிடம் பேசும்போது ஊருக்கு நல்லது செய்யப்போகிறேன் என்று தொடங்காதீர்கள். சேரப்போகும் கல்லூரிகளின் பெயர், அரசுக் கட்டணம், உதவித்தொகை, டிஎன்பிஎஸ்சி பணிகளின் பெயர் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர்களுடைய கவலை நியாயமானது, அதற்கு விவரத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

சேருவதற்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பேரூராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் இணையச் சேவையில் புல வரைபடங்கள் கிடைக்கும். க்யூஜிஐஎஸ் இலவச மென்பொருள், அதை இறக்கிக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தின் மேல் ஊரின் மனைப்பிரிவுகளை ஒவ்வொன்றாக வரையுங்கள். எந்தச் சாலை எங்கே முட்டுகிறது என்று சிவப்பில் குறியுங்கள். பிறகு வாய்க்கால் புறம்போக்குகளை நீலத்தில் போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் காலிங்கராயன், கீழ்பவானி என்று பெரிய வாய்க்கால்கள் உண்டு, அவற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போன சின்ன வாய்க்கால்கள் இப்போது எந்த மனையின் அடியில் இருக்கின்றன என்று பாருங்கள். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்த நீலக் கோடுகளின் மேல் நடந்து போங்கள். தண்ணீர் நிற்கும் வீடுகளில் இருப்பவர்களிடம், இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். கேட்டதை நாலு பக்கத்தில் எழுதுங்கள். இந்த வேலை அலுப்பாக இருந்தால் படிப்பும் அலுப்பாகத்தான் இருக்கும், அப்போது ஸ்ட்ரக்சுரல் பற்றி மறுபடி யோசிக்கலாம். விட மனம் வராமல் இரவு பத்து மணிக்கும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் விண்ணப்பம் போடுங்கள். நேர்முகத் தேர்வு வைக்கும் நிறுவனத்தில் காட்டுவதற்கும் அதைவிடச் சிறந்தது வேறொன்று உங்களிடம் இருக்காது.

கடைசியாக, வேலையை விடுவது பற்றி. எம்.பிளான் முழுநேரப் படிப்பு. ஸ்டூடியோ இருப்பதால் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நடக்காது. ஆனால் இப்போதே விட வேண்டாம். கேட் பதிவு பொதுவாக ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். சீட்டா-பிஜி அறிவிப்பு ஆண்டின் தொடக்கத்தில் வரும். கலந்தாய்வுகள் கோடையில் நடக்கும். இடம் உறுதியாகி, கட்டணம் கட்டிய பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள். அதுவரை நீங்கள் போடும் ஒவ்வொரு லே-அவுட்டிலும், பக்கத்து நிலத்தின் சாலை எங்கே வருகிறது என்று ஒரு புள்ளிக்கோடு போட்டு முதலாளியிடம் காட்டுங்கள். நம் சாலையை இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டால் அதோடு சேரும், மனைக்கும் விலை கூடும் என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒன்றுக்கு அவர் சம்மதித்தாலும் அங்கே குடிவருகிற முப்பது நாற்பது குடும்பங்களுக்குச் சுற்றிப் போகிற வேலை மிச்சம்.